நின்று நின்று வந்த படம்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் காற்றாடி சுழலத் தொடங்கியதும் தூசி சூடாகிற வாசனை ஒன்று அறையில் பரவும். வெள்ளிக்கிழமைகளில் வாப்பா சவூதியிலிருந்து நெட்டுக்கு வரும் நேரம் அது என்பதால், கீழக்கரையில் எங்கள் வீட்டுக்கு அதுவே வாப்பாவின் வாசனை.

உம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாணமான புதிதில் அவளும் வாப்பாவும் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட சைகைகளில்தான் பேசிக்கொள்வார்கள். ஆகவே போன் அவளுக்கு வெறும் பிளாஸ்டிக். கேமரா வைத்த கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் கடல் தாண்டிப் போன புருஷனோடு அவளால் நேராகச் சண்டைகூடப் போட முடிந்தது.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அதில் வைரஸ் ஏறியது. சர்வீஸ்காரர் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புது சிஸ்டம் ஏற்றினார். எழுத்துகள் பூதாகரமாகவும் நிறங்கள் திட்டுத்திட்டாகவும் தெரிந்தன. வாப்பாவின் முகம் போட்டோ மாதிரி உறைந்து நின்று, சற்றுக் கழித்து வேறொரு போட்டோவாக மாறியது. கை எங்கே தொடங்கி எங்கே போனது என்று தெரியாமல் சைகையை எப்படிப் படிப்பது?

"பழைய போர்டும்மா, கிராபிக்ஸ் அதுலயே சேந்து வருது. புது சிஸ்டத்துல இத ஓட்டுற 'டிரைவர்' சாப்ட்வேர கம்பெனிக்காரன் விடவே இல்ல," என்றார் அவர்.

"பழசையே போட்டுருங்கண்ணே."

"போட்டா படம் வரும். ஆனா நீங்க பேசுற சாப்ட்வேர் இனிமே பழசுல ஓடாதே."

'டிரைவர்' என்பதற்கு என்னிடம் சைகை இல்லை. ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டினேன். இப்போது காருக்கு என்ன அவசரம் என்று உம்மா எரிந்து விழுந்தாள்.

அந்த வாரம்தான் வாப்பா வேலைபார்த்த இடத்தில் இரும்புச் சாரம் சரிந்தது. "லேசான காயந்தான் மவளே. நல்லாருக்கேன்னு உம்மாகிட்ட சொல்லு," என்றார் போனில். சொன்னேன். உம்மா தலையாட்டி மறுத்தாள்: நீதான் சொல்கிறாய், அவர் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் வந்த ஒவ்வொரு படத்திலும் முகம் மட்டுமே இருந்தது. திரையைத் துப்பட்டியால் துடைத்தாள், மேசையை அறைந்தாள், கடைசியில் தொண்டையிலிருந்து அவள் எழுப்பிய சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்தார். "கண்ணால கண்டாத்தான் இவ கல்பு அடங்கும். ராம்நாட்டுக்குக் கூட்டிட்டுப் போ புள்ள."

ராமநாதபுரத்து 'பிரவுசிங் சென்டரில்' படம் தடங்கலில்லாமல் ஓடியது. வாப்பா இடது கையால் மட்டும் பேசினார். உம்மா தன் இரு கைகளையும் தூக்கிக் காட்டி, அவரையும் காட்டச் சொன்னாள். அவர் குனிந்தே இருந்தார். பிறகு வலது கையை மேலே எடுத்தார். கட்டு மணிக்கட்டோடு முடிந்திருந்தது; அதற்கப்பால் கை இல்லை.

உம்மா கத்தவில்லை. தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும், 'வந்துவிடு' என்றாள்.

வந்தார். ஒற்றைக் கையால் சொல்ல முடியாத சொற்களை இருவருமே ஒவ்வொன்றாக விட்டுவிட்டார்கள்.

இன்று உள்ளங்கை அளவு போனில், வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி பிள்ளையின் கண்ணிமைகூடத் துல்லியமாகத் தெரிகிறது. உம்மாவும் வாப்பாவும் அடுத்தடுத்து மவுத்தாகிப் போனார்கள். அவர்களுடைய அந்தப் பாஷை எந்தப் பள்ளியிலும் கிடையாது. தம்பிக்கு அது அரைகுறைதான்; முழுக்க அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். என் இரண்டு கைகளும் நன்றாகவே இருக்கின்றன. பேசத்தான் எதிரே ஆளில்லை.