பிஸ்கட் கலர் சுவர்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சல் காதைக் கொண்டுபோனது, பேச்சும் கூடவே நின்றுபோனது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்த எழுபதுகளில், இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. எனக்கோ ஓயாத வாய். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் என் கையும் ஓயாத கையாகிவிட்டது. பொழுது சாய அவர் வந்து சைக்கிளை நிறுத்தினதும் அடுப்படியில் நின்றபடியே தொடங்குவேன். தெருச் சண்டை, தண்ணீர்ச் சண்டை, திருவள்ளூரில் என் அம்மா வீட்டுச் சேதி, எல்லாம் கையாலும் முகத்தாலும்தான். அவரும் விடாமல் பதில் சொல்வார். அந்தப் பேச்சுதான் எங்கள் குடித்தனம்.

வீடு இரண்டே அறை. சுவரெல்லாம் சுண்ணாம்பு. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு வெளுக்கும், பார்த்தால் தர்மாஸ்பத்திரி ஞாபகம் வரும். வீடென்றால் உள்ளே நுழைந்ததும் ஒரு கதகதப்பு வேண்டாமா? அந்தப் பொங்கலுக்கு டிஸ்டெம்பர் அடித்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பெயிண்டர் சுவரில் மூன்று நிறத்தைத் தீற்றிக் காட்டினார்.

"சந்தனக் கலர் அழுக்கைக் காட்டிக் குடுத்துடும். செங்கல் கலர் அடிச்சா ஊடே இருட்டாயிடும். நடுவாந்தரமா இந்த பிஸ்கட் கலரைப் போட்டுக்கோம்மா" என்றார்.

எனக்கு அவ்வளவு சுலபமாக மனசு ஒப்பவில்லை. காலை வெயிலில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். கடைசியில் என் கையைச் சுவரோடு வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் என் நிறம். நான் மாநிறம். அந்த நிறத்தில் ஒரு சுவரே இருக்கப்போகிறது என்றதும் ஒரே சந்தோஷம். அவரும் பூசின சுவரைத் தடவிப்பார்த்து, உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டவில்லை என்று காட்டிச் சிரித்தார்.

அதற்கப்புறம்தான் வந்தது வினை. சாயங்காலம் நான் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார், பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்றால் தலையாட்டுவார். எதிர்வீட்டுக் கிழவர் செத்துப்போய்விட்டார் என்றேன், அதற்கும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை வீசித் திட்டினேன். அதற்கும் ஒரு தலையாட்டல். நாலு நாள் பார்த்தேன், பிறகு பயம் வந்துவிட்டது. அதற்குள் நான் அலுத்துப்போய்விட்டேனா? இந்த மனுஷரும் பேசாவிட்டால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? படுத்தால் தூக்கம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் வந்தவர் என்னை ஏறிட்டும் பார்க்காமல், துவைத்து வைத்த தன் வெள்ளை வேட்டியை எடுத்தார். சுத்தியலை எடுத்தார். அடுப்புக்குப் பின்னால், புதுச் சுவரில், இரண்டு ஆணி அடித்து வேட்டியை விரித்து மாட்டினார்.

ஆசை ஆசையாக அடித்த சுவரில் ஆணி! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேட்டிக்கு முன்னாலேயே நின்று, நிறம் பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, என்னையும் பிடிக்கவில்லையா என்று இரண்டு கையாலும் கொட்டித் தீர்த்தேன். அவர் எதிரே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

பிறகு நிதானமாகச் சொன்னார். தன் காதைத் தொட்டார், கண்ணைத் தொட்டார், விளக்கை ஊதி அணைப்பதுபோல் காட்டினார். எங்கள் பல்பு சாயங்காலமானால் அழுது வடியும். அந்த வெளிச்சத்தில் சுவர் எது, என் கை எது, என் உதடு எது என்று அவருக்குத் தெரியவில்லை. காதைப் போலக் கண்ணும் போகிறது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறார். முந்தின நாள் மழைக்காக உள்ளே கொடி கட்டி வேட்டியைக் காயப்போட்டிருந்தேன். அதன் முன்னால் நான் நின்றபோது மட்டும் கை பளிச்சென்று தெரிந்ததாம்.

பாவி மனுஷர், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கையாலேயே கேட்டேன். அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து வேட்டியின் நட்டநடுவில் நிறுத்தினார். திரும்பப் போய் உட்கார்ந்து சம்மணம் போட்டுக்கொண்டார். விரலைப் பின்பக்கமாகச் சுழற்றிக் காட்டினார். இத்தனை நாளாகத் திட்டினதையெல்லாம் பார்க்கவில்லை, முதலிலிருந்து திட்டு என்றார்.

கையைத் தூக்கினேன். ஒரு வசவுகூட ஞாபகம் வரவில்லை.