வெளிச்சத்துக்குள் போகும் அப்பாக்கள்

தொலைக்காட்சியோடு சண்டை பிடிக்கிற மனுஷி என்று எங்கள் செபக்குழுவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பொய்யில்லை. கதிரையில் இருந்தபடியே நாடகத்தில் வரும் ஆட்களுக்குப் பதில் சொல்வேன், புத்தி சொல்வேன், சில வேளை ஏசவும் செய்வேன். என் கணவர் இருந்த காலத்தில், "அவைக்குக் கேக்காதப்பா" என்று சொல்லிக்கொண்டே என் குரலுக்கு மேலால் கேட்கும்படி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவர் போய் இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. இப்போது நான் எவ்வளவு பேசினாலும் சத்தத்தைக் கூட்ட ஆளில்லை.

ஊரை விட்டு வந்த இந்த வெளிநாட்டில், நார்த்மீட் என்கிற இடத்தில் நானும் மகளும்தான் இருக்கிறோம். மகள் இங்கே பிறந்தவள், ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். தமிழ் எல்லாம் விளங்கும், பதில் மட்டும் பாதி ஆங்கிலத்தில் வரும். அவள்தான் அந்த நாடகத்தைக் கண்டுபிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னோடு கோவித்துக்கொள்வீர்கள்.

கதை இதுதான். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பெண்ணின் அப்பா திடீரென்று இறந்துபோகிறார். ஆனால் கிழமைக்கு ஒரு தரம், அவள் மனம் உடைந்து இருக்கிற நேரம் பார்த்து, வெள்ளைச் சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். தான் எங்கும் நிறைந்திருக்கிறேன் என்கிறார். நீ உன் மனம் சொல்வதைக் கேள், பிரபஞ்சம் உன்னைப் பார்த்துக்கொள்ளும் என்கிறார். பின்னால் பியானோ வாசிப்பார்கள். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், நான் பல்லைக் கடிப்பேன்.

ஒருநாள் அப்படி ஒரு காட்சி முடிந்த கையோடு அவள் என்னைப் பார்த்து, "அம்மா, அப்பான்ர எனர்ஜி இன்னும் இந்த வீட்டில இருக்கு. ஐ கேன் ஃபீல் இட்" என்றாள்.

"இல்லைப் பிள்ளை, அதைப் போன மாசமே என்ர பெயருக்கு மாத்திப்போட்டன்" என்றேன்.

நான் நினைத்தது கரண்ட் கணக்கை. இந்த நாட்டில் மின்சாரம் விற்கிற கம்பெனிகள் முக்கால்வாசியும் தங்கள் பெயருக்குப் பின்னால் எனர்ஜி என்று போட்டுக்கொள்ளும். எங்கள் வீட்டுக் கணக்கு அவர் பெயரில் இருந்தது. அவர் செத்துப்போனார் என்பதைத் தொலைபேசியில் ஆள் மாறி ஆளுக்குச் சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போயிருந்த காலம் அது. மகள் ஒரு கணம் முழித்தாள். பிறகு விளங்கியது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பிறகு குசினியில் கோப்பை கழுவும்போது யோசித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அவருடைய எனர்ஜி வேண்டாம். அவர்தான் வேண்டும். வெடித்த குதிக்கால் கட்டில் விரிப்பில் உரசுகிற சத்தம் வேண்டும். மீன் தலையை உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவாமல் குசினி வாசலில் நின்று ஊர்ப் புதினம் சொல்கிற அந்த மன்னார்க்காரன் வேண்டும். வாசலில் நின்று வழியை மறைக்கிறார் என்று எத்தனை தரம் எரிந்து விழுந்திருப்பேன். இப்போது அந்த வாசல் முழுக்கத் திறந்து கிடக்கிறது, நான் தட்டுத்தடங்கல் இல்லாமல் போய் வருகிறேன்.

அந்த வருஷம் நவம்பர் நெருங்க நெருங்க எனக்கு ஒரே யோசனையாக இருந்தது. நவம்பர் இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் திருநாள். அன்று கத்தோலிக்கர் எல்லோரும் தங்கள் செத்தவர்களின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை காத்து நிற்போம். ஊரில் அதைச் சவக்காலைக்குப் போகிறது என்போம். இங்கே எங்கள் சவக்காலை ரூக்வுட். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு மகள் அந்தப் பக்கம் வரவே இல்லை. முதல் வருஷம் வேலை என்றாள், விட்டுவிட்டேன். இந்த வருஷம் கேட்டபோது காரணத்தை நேரே சொன்னாள்.

"அப்பா அங்க இல்லையம்மா. ஹி இஸ் எவ்ரிவேர். அங்க வந்து நான் ஆரைப் பாக்கிறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளோடு அல்ல, அந்த வெள்ளைச் சட்டைக்காரனோடு. என் பிள்ளையை என் பக்கத்தில் நின்று அழவிடாமல் பண்ணிவிட்டானே. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்தக் கல்லுக்கு முன்னால் அவளும் நானும் ஒருமிக்க ஒருக்கால் நிற்க வேண்டும். அவள் தன் அறைக்குள்ளும் நான் என் குசினிக்குள்ளும் தனித்தனியாக அழுது என்ன பலன்?

அந்த நேரம் பார்த்துத்தான் செபக்குழுவில், நாடகங்களில் வரும் ஆன்மீகம் பற்றி என்னைப் பேசக் கேட்டார்கள். குழுவை நடத்துகிற பிள்ளை, "அன்ரி, நீங்கள் எப்பிடியும் பேசத்தானே போறியள், ஒருக்கா எழும்பி நிண்டு பேசுங்கோவன்" என்றாள். குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டில் கூட்டம். எங்கள் ஆட்களும் தமிழ்நாட்டுப் பெண்களுமாக வரவேற்பறை நிறைந்திருந்தது. நான் விட்டு விளாசினேன்.

இந்த நாடகங்களில் செத்தவர்கள் ஒருவர்கூட, எனக்காக மன்றாடுங்கள் என்று கேட்பதில்லை, கவனித்தீர்களா என்றேன். செத்த உடனே எல்லோரும் ஞானிகள் ஆகிவிடுகிறார்கள். பொய் சொன்னவன், பெண்சாதியை அடித்தவன் எல்லாம் நேரே வெளிச்சத்துக்குள் நடந்து போகிறான். யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, மன்னிக்க ஒரு தேவனும் இல்லை. எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறதாம். செத்துப்போன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்கு முன்னால் ஆண்டவர் அப்படிச் சொன்னாரா? அழுதாரே! அவன் எங்கும் நிறைந்திருக்கிறான் என்று அவன் சகோதரிகளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லையே. கல்லைப் புரட்டச் சொல்லி அவனை உயிரோடு எழுப்பினாரே! தாம் உயிர்த்து வந்தபோதும் சீடர்கள் ஆவி என்று பயப்பட, தொட்டுப் பாருங்கள் என்றார், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார், மீன் வாங்கிச் சாப்பிட்டார். இந்த நாடகத்து அப்பாவுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணியாவது யாரும் கொடுக்கிறார்களா? நாங்கள் செத்தவர்களுக்காகச் செபிக்கிறோம் என்றால், அவர்களுக்குச் செய்ய எங்களிடம் இன்னும் ஒரு வேலை இருக்கிறது என்று அர்த்தம். அந்த வேலையையும் பிடுங்கிக்கொண்டு கைக்குள் ஒரு கைக்குட்டையைத் தருகிறார்கள் என்றேன்.

கை தட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது. அப்போது சுவரோரமாக இருந்த ஒரு தமிழ்நாட்டுப் பெண், நேர்ஸ் வேலை செய்கிறவர், மெதுவாகக் கை தூக்கினார்.

"அக்கா, நீங்க சொன்னது எல்லாம் சரிதான். ஆனா ஒண்ணு சொல்லவா? எங்கம்மா தூத்துக்குடியில இறந்தப்போ என்னால போக முடியல. இங்க எல்லாரும் தைரியமா இரு, ஜெபம் பண்ணுன்னாங்க. அம்மா எப்படி இருப்பாங்க, என்ன சமைப்பாங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. நீங்க திட்டுறீங்களே, அந்த நாடகத்தைப் பாத்துதான் நான் மொத மொதல்ல அழுதேன்."

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா என்ன சமைப்பா?" என்று கேட்டேன். அவர் மீன் குழம்பில் தொடங்கினார். தேநீர் ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். காரில் திரும்பி வரும்போது எனக்குள் ஏதோ ஒன்று இளகியிருந்தது. அந்த நாடகம் பொய் மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோவு பொய்யில்லை. என் மகளுக்கும் எங்கே நோகிறது என்று தெரியாமல் நான் தொலைக்காட்சிப் பெட்டியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் முதலாம் திகதி பின்னேரம் அந்த நாடகத்தின் கடைசிப் பகுதி. இரண்டு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானம். அரைவாசிவரை காப்பாற்றினேன்.

கடற்கரை. அப்பா மகளின் முகத்தைப் பார்த்து, இந்த உடம்பு வெறும் ஒரு கோட்டுத்தான், கழற்றிப் போட்டுவிட்டேன், இனி அது எனக்குத் தேவையில்லை என்றார். பிறகு வெளிச்சத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். என்னால் முடியவில்லை.

"சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்!" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் அந்த வரி வருகிற விசுவாசப் பிரமாணத்தைப் பழைய தமிழில்தான் சொல்வோம். இங்கே கோயிலில் உடலின் உயிர்ப்பு என்று புதுத் தமிழில் வரும், ஆனால் வீட்டுச் செபமாலையில் அவர் பழையதை விட மாட்டார். மகளும் சின்ன வயதிலிருந்து எங்களோடு முழந்தாளில் இருந்து, ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கிய அந்தத் தமிழைத் தட்டாமல் சொன்னவள்தான்.

அவள் நாடகத்தை நிறுத்தினாள். "ஹூ இஸ் தட் எனிவே?"

"ஆர்?"

"உத்தானம். தட் செயின்ட்."

நான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "எந்தச் செயின்ட்?"

"சரீர உத்தானம். அர்ச்சியசிஷ்டவர்கள் எண்டு சொல்லி ரெண்டு வரிக்குப் பிறகு வாறவர். ஐ ஆல்வேஸ் தோட் ஹி வாஸ் சம் மன்னார் செயின்ட்."

அர்ச்சியசிஷ்டவர் என்றால் புனிதர். அவ்வளவும் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. பாவிப் பிள்ளை, இத்தனை வருஷமாக உலகத்தில் இல்லாத ஒரு புனிதரை முழந்தாளில் நின்று விசுவசித்திருக்கிறாள். வேறொரு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன், அதையும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்.

"அது ஆளில்லைப் பிள்ளை. சரீரம் எண்டால் உடம்பு. உத்தானம் எண்டால் எழும்புறது. செத்த உடம்பு திரும்ப எழும்பும் எண்டு நாங்கள் விசுவசிக்கிறம்."

"பாடி? நொட் தி சோல்?"

"ஓம். உடம்பு."

அவள் தொலைக்காட்சியைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரன் ஒரு காலைத் தூக்கியபடி வெளிச்சத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"அப்பான்ர அந்தக் கறுத்த கையும்?"

அவர் இங்கே பஸ் ஓட்டினவர். யன்னல் பக்கம் வெயில் பட்டுப் பட்டு வலது கை மட்டும் இடது கையை விடக் கறுத்துப்போயிருக்கும். சின்ன வயதில் மகள் தன் இரண்டு கைகளையும் அவருடைய இரண்டு கைகளோடும் வைத்து நிறம் பார்த்து விளையாடுவாள். அந்தக் கையை அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சவப்பெட்டிக்குள் வைத்து மூடும்போது செபமாலை சுற்றியிருந்ததும் அந்தக் கையில்தான்.

"எப்பிடி எழும்புவார், என்ன நிறத்தில எழும்புவார் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "ஆண்டவர் தன்ர காயத்தோடதான் எழும்பினவர். அப்பாவும் அப்பாவாத்தான் எழும்புவார். பாத்தால் உனக்குத் தெரியும்."

அவள் முகம் கோணியது. "ஐ டோன்ட் வோன்ட் ஹிம் எவ்ரிவேர், அம்மா" என்றாள். "அவர் எனக்கு ஒரு இடத்தில வேணும்."

"எனக்கும்தான்" என்றேன். என்னிடம் இருந்த ஞானோபதேசம் அத்தனையும் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது. சோற்றுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த நாடகம் எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை அவள் வேலைச் சட்டையோடே காரில் வந்து ஏறி, "கெதியாப் போவம், லேட்டாகுது" என்றாள். மத்தியானம்தான் வருவேன் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கிறாள். ரூக்வுட்டில் நல்ல வெயில். அப்பாவின் கல்லறை எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. என் பின்னால் வரிசை வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தாள். வந்ததும் குந்தியிருந்து, கல்லில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லைத் தட்டினாள். நான் மெழுகுதிரியைக் கொளுத்திக் காற்றுக்கு அணையாமல் பொத்திப் பிடித்தேன். சுவாமியார் வந்தார், தீர்த்தம் தெளித்தார், நித்திய இளைப்பாற்றிக்கு மன்றாடினோம். அப்பாவோடு அவள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள், அவர் தமிழில் பதில் சொல்வார். அவளுக்கு இங்கே என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சுவாமியார் அடுத்த கல்லறைக்குப் போன பிறகும் அவள் எழும்பவில்லை. உள்ளங்கையைக் கல்லிலிருந்து எடுக்காமல் குனிந்து, தமிழில், "அப்பா, கெதியா எழும்பி வாங்கோ" என்றாள்.