மே மாதத்தில் விழுந்த கோடு

அந்த ஞாயிற்றுக்கிழமை ராகவியால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்குப் போய்க் கேத்திலைப் போட்டாள். அது கொதிக்கும் முன்பே நிறுத்திவிட்டு வந்து, மேசையில் திறந்திருந்த மடிக்கணினிக்கு முன்னால் நின்றாள்.

"கதிரையில முள்ளோ இருக்கு?" என்றாள் அக்கா யோகா, வெங்காயம் உரித்தபடி.

"இருந்தா யோசிக்க ஏலாதக்கா."

"நிண்டும் யோசிக்கிற மாதிரித் தெரியேல்லை. வீட்டை அளக்கிறாய்."

யோகா பன்னிரண்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்து ஓ.எல் பரீட்சையோடு படிப்பை விட்டவள். மெல்பேர்ன் வந்த நாளிலிருந்து ஸ்பிரிங்வேலில் ஒரு பேக்கரியில் வேலை. தங்கைக்கு என்ன வேலை என்று கிரான்பர்ன் கடைகளில் யாராவது கேட்டால், "அரசாங்கம் செலவழிச்ச காசால சனத்துக்கு உண்மையா ஏதும் நடந்ததோ எண்டு புள்ளிவிவரம் வைச்சுப் பாக்கிறவ" என்று ஒரு சொல்லும் பிசகாமல் சொல்வாள். "இப்ப கனடாக்காரரின்ர காசைப் பாக்கிறா" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

"இஞ்ச ரோட்டுக் குழியைப் பாக்க ஆளில்லை, கனடாவையோ பாக்கிறா?" என்று கடையில் நின்ற சிவாஜினி அன்ரி ஒருநாள் சிரித்தார்.

கனடாவைப் பார்க்கக் காரணம் இருந்தது. அங்கே ஒரு மாகாணம், முழங்கால் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போரின் வரிசையைக் குறைக்கப் பெருந்தொகை ஒதுக்கியது. அதே திட்டத்தை இங்கேயும் கொண்டுவரலாமா என்று ஓர் அரசுத் திணைக்களம் யோசித்தது. அந்தச் செலவுக்குப் பலன் கிடைத்ததா என்று சொல்லும் பொறுப்பு, ராகவியின் ஆய்வு நிறுவனத்துக்கு வந்தது. அவள் அந்த மாகாணத்தைப் பணம் ஒதுக்காத அயல் மாகாணங்களோடு ஒப்பிட்டாள். அயலில் வரிசை அப்படியே இருக்க, பணம் ஒதுக்கிய மாகாணத்தில் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அவள் பெயரில் வரப்போகும் முதல் அறிக்கை அது. மறுநாள் காலை திணைக்களத்துக்குப் போகவேண்டும். அடுத்த மாதத்தோடு அவளது வேலை ஒப்பந்தம் முடிகிறது. அறிக்கை நன்றாகப் போனால் நீட்டிப்பார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் வரைபடத்தில் அந்த வரிசையின் நீளத்தைக் காட்டிய கோடு அவளை உறுத்தியது. பணம் போன வருடம் ஏப்ரலில் ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் அமர்த்திய புதிய வைத்தியர்கள் செப்டெம்பரில்தான் வந்தார்கள். கோடோ மே மாதத்திலேயே செங்குத்தாக விழுந்திருந்தது. வராத வைத்தியர்கள் யாருக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள்?

சின்ன வயதிலும் இப்படித்தான். வகுப்பின் சராசரிப் புள்ளி ஏறிவிட்டதென்று ரீச்சர் இனிப்புக் கொடுத்த நாளில், இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "மூண்டு பேர் சோதினைக்கு வரேல்லை, அதுதான் ஏறினது" என்று வீட்டில் வந்து சொன்னாள். பிறகுதான் இனிப்பைத் தின்றாள்.

"சும்மா நடக்கிறதுக்கு மாமாவோட கதை" என்று யோகா போனை நீட்டினாள். வரதராஜா மாமா அதே மாகாணத்தில் இருப்பவர். அங்கே சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம்.

"என்ன பிள்ளை, எங்கட கணக்கு முடிஞ்சுதோ? வரியைத் திருப்பித் தருவாங்களோ?"

"அது கஸ்டம், மாமா. உங்கட முழங்கால் என்ன மாதிரி? எப்ப ஒப்பரேஷன்?"

"எங்க! லிஸ்டில இருந்து பேரை வெட்டிப்போட்டாங்கள். ரெண்டு தரம் போன் அடிச்சவங்களாம், நான் எடுக்கேல்லையாம்."

"ஏன் எடுக்கேல்லை?"

"தெரியாத நம்பரை ஆர் எடுக்கிறது? முந்தி ஒருத்தன் வரிக் கந்தோர் எண்டு அடிச்சு, வரி கட்டாட்டி ஜெயிலில போடுவன் எண்டவன். அதுக்குப் பிறகு நம்பர் தெரியாட்டி மாமி போனைத் துவாயால மூடிப்போடுவா."

பின்னாலிருந்து மாமியின் குரல்: "பின்ன! இவர் எடுத்தால் பாங்க் நம்பரையும் சொல்லிப்போடுவார்!"

"எப்ப அடிச்சவங்கள், மாமா?"

"போன வருசம் மே மாசமாம். லிஸ்டில இருக்கிற ஆக்களெல்லாம் உண்மையோ எண்டு செக் பண்ணினவங்களாம். இப்ப திரும்பவும் பதிஞ்சிருக்கிறன். அவங்கட கணக்கில நான் காத்திருக்கத் தொடங்கினது போன மாசம்தான். ரெண்டு வருசம் நொண்டினது கணக்கில இல்லை."

போனை வைத்த ராகவி அன்று முதல்தடவையாகக் கதிரையில் இருந்தாள். வரிசையில் எத்தனை பேர் என்றுதான் அவள் பார்த்திருந்தாள். வரிசையை விட்டவர்கள் எங்கே போனார்கள் என்று பார்க்கவில்லை. மாகாணம் வெளியிட்ட பின்னிணைப்பில் அது இருந்தது. மே மாதத்தில் வெளியேறியவர்களில் பெரும்பாலோர் சத்திரசிகிச்சைக்கு எந்த வைத்தியசாலைக்கும் போகவில்லை. பெயர்கள் மட்டும் போயிருந்தன. அவர்களைத் திரும்பச் சேர்த்துக் கணக்கிட்டாள். கோடு செப்டெம்பருக்குப் பிறகுதான் இறங்கியது, அதுவும் சிறிதளவு. சோறு ஆறிப்போனது.

பின்னேரம் மேலாளர் லக்ஷ்மிப்ரியாவுக்கு அழைத்தாள்.

"ராகவி, ஒரு மாமாவ வச்சு ரிப்போர்ட்ட நிறுத்தச் சொல்றியா? நாளைக்குக் காலைல குடுக்கணும்!"

"மாமாவை விடுங்கோ, பிரியா. செப்டெம்பரில வந்த டொக்டர்மார் மே மாசத்தில எப்பிடி வெட்டினவை?"

மறுபக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"இத நீ முன்னாடியே பாத்திருக்கணும்ல?"

"ஓம். பாக்கேல்லை. பிழை என்னில."

"சரி, நிறுத்துறேன். திணைக்களத்துல கத்துவாங்க, நான் பேசிக்கிறேன். ஆனா உன் காண்ட்ராக்ட் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா. முடிவானதும் மேல இருந்து யாராவது கூப்பிடுவாங்க."

திருத்திய அறிக்கை பத்து நாள் பிந்திப் போனது. செலவால் பலன் உண்டு, ஆனால் முதலில் தெரிந்த அளவு இல்லை என்றது. ஒருவரின் பெயரை வெட்டுமுன் கடிதமும் போடவேண்டும் என்று ஒரு பரிந்துரையும் இருந்தது. "என்ர முழங்கால் கவுண்மெந்து வரைக்கும் போயிட்டுது" என்று மாமா சொந்தக்காரருக்கெல்லாம் சொன்னார். பேக்கரியிலும் எல்லோருக்கும் தெரிந்தது, யோகா அங்கே வேலை செய்வதால்.

ஒப்பந்தம் பற்றி யாரும் கூப்பிடவில்லை. ராகவி போனோடு நடந்தாள், போனோடு சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை தெரியாத நம்பரில் இருந்து அது அடித்தது.

"எடுக்காதை, ஸ்காமாயிருக்கும்" என்றாள் யோகா.

ராகவி பாய்ந்து எடுத்தாள். பேசியவன் கூரையில் சோலார் பூட்டச் சொன்னான். வேண்டாமென்று சொல்லி வைத்தாள்.

"சொன்னனான்" என்றாள் யோகா.

"இனி எல்லாத்தையும் எடுப்பனக்கா" என்றாள் ராகவி. போனை மேசையில் வைத்தாள், உடனே திரும்ப எடுத்தாள், வாசல்வரை நடந்தாள்.