சுந்தரலிங்கம் சேருக்கு நான் விற்ற வெள்ளைக் கார்

சுந்தரலிங்கம் சேர் போய்விட்டார். நேற்றுக் காலை, பசறையிலிருந்து பதுளைக்கு இறங்குகிற ரோட்டில்... கார் மண்மேட்டில் மோதி.

செய்தி முதலில் வந்தது எனக்குத்தான். அவர் மனைவிக்குக்கூட அப்புறம்தான் தெரியும்.

பொலிஸ்காரர் சிங்களத்தில் நம்பரைச் சொல்லி, உங்கள் வாகனமா என்று கேட்டார். விற்றுவிட்டேன் என்றேன். வாகனப் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது என்றார். ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் மிச்சத்தைக் கேட்டேன்.

தெரிந்தவர்களுக்குள் விற்றால் எங்கள் பக்கம் இப்படித்தான். வாங்குபவர் பெயர் எழுதாத ஓப்பன் பேப்பரில் கையெழுத்துப் போட்டு சாவியைக் கொடுத்துவிடுவோம். பெயர் மாற்றுவது லீவு கிடைக்கும்போது... எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று மாதமாக லீவு கிடைக்கவில்லை.

பதினான்கு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம். அவர் மெத்ஸ், நான் சயன்ஸ்.

அரை மார்க்கூட சும்மா போடமாட்டார், கஞ்சன். ஆனால் லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் மழையில் லேட்டாக வந்தால் ரெஜிஸ்டரில் சிவப்புக் கோடு போட விடமாட்டார். "நானும் அதே பஸ்லதான் வந்தேன் டீச்சர். எனக்கும் சேர்த்துப் போடுங்க."

என் கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு கார் ஓட்டுவதை நிறுத்தினேன். அவர் கேட்கவே இல்லை. நானேதான் வலியப் போய், "நீங்க எடுத்துக்கங்க சேர், எத்தன நாளைக்கு பஸ்ல இடிபடுவீங்க" என்றேன்.

மெக்கானிக் பாஸ் யாரையாவது கூட்டிவந்து பாருங்கள் என்றும் சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னா டீச்சர் இது... ஒங்க வண்டிய பாஸ்கிட்ட காட்டுனா ஒங்கள சந்தேகப்படுற மாதிரி ஆகாதா?"

அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.

கோயிலில் பூஜை போட்ட அன்று டயருக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். ஒன்று உருண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் போய்விட்டது. "மெத்ஸ் சேருக்கே கணக்கு மூணாயிருச்சே" என்று கேலி செய்தேன். வேட்டியை மடித்துக்கொண்டு கானுக்குள் இறங்கி, அதையே தேடி எடுத்து வைத்தபிறகுதான் காரை எடுத்தார்.

சாவி கொடுக்கும்போது எல்லாம் சொன்னேன். பின் கதவு உள்ளேயிருந்து திறக்காது. ரேடியோவை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். குளிர் நாளில் இரண்டாம் தடவைதான் ஸ்டார்ட் ஆகும்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

நீளமான இறக்கத்தில் சூடேறினால் பெடல் கீழே போகும். விட்டுவிட்டு இரண்டு தடவை மிதித்தால் பிடித்துக்கொள்ளும். ஒன்பது வருஷமாக என் கால் அதைத் தானாகவே செய்தது. அது பழுது என்றே எனக்குத் தோன்றவில்லை.

நேற்றிலிருந்து, சொன்ன மாதிரி ஒரு ஞாபகத்தைப் பிடித்துவிட மனசு அலைகிறது... இல்லை. நான் சொல்லவே இல்லை.

மழையில் சறுக்கியது என்கிறார்கள். இருக்கலாம். வண்டியைப் பரிசோதிக்கப் போகிறார்களாம். ஃபோன் அடித்தாலே பயமாக இருக்கிறது.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் இது. நேற்று சாயந்தரம் அவர் மனைவி பேசினார். அழுதழுது குரலே இல்லை.

"போன வாரமே பிரேக்கு என்னமோ மாதிரி இருக்குன்னாரு டீச்சர். ஒங்ககிட்ட கேளுங்கன்னு சொன்னேன். வித்தவங்ககிட்ட போயி கேட்டா கொறை சொல்ற மாதிரி இருக்கும், டீச்சர் மனசு நோகும்னு விட்டுட்டாரு... நல்ல வண்டிதானே டீச்சர்?"

"ஆமாங்க, நல்ல வண்டிதான்" என்று சொல்லிவிட்டேன்.

வாயில் வந்துவிட்டது. அவர் தேங்க்ஸ் சொல்லி ஃபோனை வைத்தார். எனக்கு ஒரு தேங்க்ஸ்...

இப்போது லுணுகலை பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எல்லாரும் பார்க்க இங்கே போட்டுவிட்டால் சேர் வீட்டு வாசலில் நின்று இன்னொரு தடவை பொய் சொல்ல முடியாது. அதற்காகத்தான். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

பசறை தாண்டியாகிவிட்டது. பாதியில் இறங்கிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சேர், உங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். உங்கள் மனைவி கேட்டதற்கு இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன்.

நிம்மதியாகப் போங்கள் சேர். எனக்குப் பயமாக இருக்கிறது.