அக்கிதானே என்று போனேன்

அக்கி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, காவி எழுத வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானோ ஓசூர் கம்பெனியில், செய்யும் சாமான்மேல் தூசி படக்கூடாதென்று தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வேலை பார்ப்பவள். இடுப்பில் கொப்புளம் வரிசையாக எழும்பியதும் சூளகிரிப் பக்கம் ஒரு குயவர் வீட்டுக்குப் போய், காவிமண்ணைக் குழைத்து எழுதிக்கொண்டு வந்தேன். படித்த படிப்பு அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு. பாகலூரில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனேன். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவளுடைய சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருந்தது. அதை அடக்கி வைக்க மாத்திரை சாப்பிட்டாள். சாதாரண சளியே அவளைப் படுக்கையில் தள்ளிவிடும். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது, அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று அம்மா அவளை மாமா வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அதனால் அவளுக்கு அம்மையே வந்ததில்லை.

அம்மை என்றால் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன். இது அக்கிதானே! அங்கேயே குளித்தேன். கொப்புளத்து நீர் பட்ட துண்டைக் கொடியில் போட்டேன். அதே துண்டில்தான் அவள் முகம் துடைத்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவளுக்கு உடம்பு முழுக்க அம்மை. நெஞ்சுக்குள்ளும் இறங்கி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கூட இருந்தவங்க யாருக்காச்சும் அம்மையோ அக்கியோ வந்துச்சா?"

"அக்கிக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன்.

"ரெண்டும் ஒரே கிருமிம்மா. சின்ன வயசுல வந்த அம்மை போனாலும் கிருமி நரம்புல பதுங்கிக் கிடக்கும். உடம்பு அதை அடக்கி வெச்சிருக்கும். உடம்பு தளந்தா அக்கியா கெளம்பும். அம்மையே வராதவங்க மேல பட்டா அம்மை போடும்."

கொடியில் போட்ட அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. அதற்குள் தங்கையின் கணவர் முந்திக்கொண்டார். "பக்கத்து வீட்டுக் கொழந்தைக்கு ஒடம்பெல்லாம் பொரிப்பொரியா இருந்துச்சுங்க. அந்த கன்னடக்காரம்மா அதைத் தூக்கிக்கிட்டே எங்க வீட்டுக்கு வருவாங்க."

அது வெறும் வேர்க்குரு. எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பயம். என்னை இனிமேல் அந்த வீட்டுக்குள் விடமாட்டார்களோ என்ற கேவலமான பயம்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்னும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவள் முடியாமல் கிடந்த காலமெல்லாம் சோறும் சாறும் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவை, தங்கையின் கணவர் வாசலிலேயே நிறுத்தி நாலு பேர் பார்க்கத் திட்டி அனுப்பினார். அந்த அம்மாள் அழுதுகொண்டே போனதைத் தங்கைதான் எனக்குச் சொன்னாள், ஏதோ நியாயம் கிடைத்துவிட்டதுபோல.

போன வாரமும் போயிருந்தேன். ஜன்னல் வழியாக அந்தக் குழந்தை எட்டிப் பார்த்தது. தங்கை எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எல்லாரும் என்னைத் தொடவே பயந்தாங்க அக்கா. நீ ஒருத்திதான் பக்கத்துலயே இருந்த."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன்.