ஜெனிட்டாவின் தாடைக்கு டாக்டர் தேடிப் போன வெள்ளிக்கிழமை

காலை ஏழு மணிக்குத் தங்கச்சிமடத்தில் ராமநாதபுரம் பேருந்தில் ஏறினோம். கையில் ஒரு ஃபிளாஸ்க் கஞ்சியும், வாயில் நுழையாத ஒரு பட்டமும் இருந்தன: வாய், முகம், தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர். அப்படியொரு டாக்டர் இருக்கிறார் என்பதே எங்கள் வீட்டுக்கு முந்தின வாரம்தான் தெரியும்.

என் தங்கை ஜெனிட்டாவுக்கு வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்காது. சின்ன வயதில், கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்திலிருந்து விழுந்து முகவாயில் அடிபட்டாள். வலி போய்விட்டது. அதன்பிறகு வாய் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. நாங்களும் பழகிவிட்டோம். மீனை உதிர்த்துக் குழம்பில் குழைத்துக் கொடுப்போம். இட்லியைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளுவாள். இருபத்திரண்டு வயதில் கடைவாய்ப் பல் சொத்தையானபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பல்லைப் பிடுங்க எந்தக் கருவியும் உள்ளே போகவில்லை. வலது கன்னம் வீங்கிக்கொண்டே போனது.

ராமேஸ்வரத்தில் பார்த்த பல் டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். தாடை மூட்டில் எலும்பும் எலும்பும் ஒட்டியிருக்கலாம், அதைப் பிரிக்கத் தனியாகப் படித்தவர் வேண்டும், அப்படி ஒருவர் மதுரையிலிருந்து வாரம் ஒருநாள் ராமநாதபுரம் வருவதாகக் கேள்வி என்றார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் கிளம்பினோம்.

பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியது. எத்தனையோ தடவை கடந்த பாலம். ஆனாலும் அன்றைக்கு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. வடக்கே கடல் அசையாமல் கிடந்தது, தெற்கே அலை வெள்ளை வெள்ளையாகப் புரண்டது. பக்கத்தில் புது ரயில் பாலம் வெயிலில் மின்னியது. கீழே நங்கூரம் போட்டிருந்த வள்ளங்களை ஜெனிட்டாவுக்குக் காட்டினேன். அவள் வீங்கிய கன்னத்தை ஜன்னல் காற்றுக்குக் கொடுத்தபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

மண்டபம், உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. டாக்டர் வருவதாகச் சொன்ன பல் மருத்துவமனை அரண்மனைப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. பத்தரைக்குத்தான் திறந்தார்கள். டாக்டர் அங்கே வருவது உண்மைதான், ஆனால் இந்த வாரம் முறை மாறிவிட்டது என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த பெண். இன்றைக்குக் கீழக்கரையில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே கிளினிக்கைச் சாத்திவிடுவார்களாம்.

படியிறங்கும்போது ஜெனிட்டா நின்றுவிட்டாள். “போதும்க்கா. வீட்டுக்குப் போவம்.”

அவள் இரண்டு நாளாகக் கஞ்சியைத் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுத்த வாரம் வரைக்கும் அந்தக் கன்னத்தோடு அவளை வைத்திருக்க எனக்குத் தைரியமில்லை. கீழக்கரை பதினேழு கிலோமீட்டர்தான், வந்தது வந்துவிட்டோம், அதையும் பார்த்துவிடுவோம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அன்று அமாவாசையும் கூட. சேதுக்கரையில் குளித்துத் தர்ப்பணம் கொடுக்கப் போகிற கூட்டத்தில் திருப்புல்லாணியில் பேருந்து நகர மறுத்தது. முன்னால் வேன்கள், பக்கத்தில் ஆட்டோக்கள். நான் நிமிஷத்துக்கு ஒருதரம் மணி பார்த்தேன். எங்களோடு உட்கார்ந்திருந்த கீழக்கரைக்கார அம்மாள் ஒருவர் ஜெனிட்டாவின் கன்னத்தை ஏறியதிலிருந்தே கவனித்து வந்திருக்கிறார். பேர் ரஹ்மத். ராத்தா என்று கூப்பிடச் சொன்னார், அவர்கள் பேச்சில் அக்கா. என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் கணவர் பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்தபோது தகடு வைத்துச் சேர்த்தது இதே டாக்டர்தானாம். உடனே கைபேசியில் கிளினிக்கைக் கூப்பிட்டார்.

“தம்பி, டாக்டரம்மாவைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. தங்கச்சிமடத்துப் புள்ளைக ரெண்டு பேரு என்கூட வருதுக” என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அல்லாஹ் லேசாக்குவான், அழுவாதீக” என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கீழக்கரைக்கு நான் அதுவரை போனதில்லை. இருபக்கமும் உயர்ந்த பழைய வீடுகள், ஒரு ஆட்டோ வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள், எங்கிருந்தோ பிரியாணி மணம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டிருந்தார்கள். நின்று பார்க்க நேரமில்லை. ரஹ்மத் ராத்தா பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம்.

கிளினிக்கின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் ஒரு இளம்பெண் தோளில் பையோடு நின்றிருந்தார். என்னைவிடச் சற்று மூத்தவராக இருக்கலாம், அவ்வளவுதான். அவர்தான் டாக்டர். எதுவும் கேட்காமல் பையை இறக்கி வைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கச் சொன்னார்.

ஜெனிட்டாவின் இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரலை வைத்து, முடிந்தவரை வாயைத் திற என்றார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இடது மூட்டில் எலும்புகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. வலப்பக்கம் அந்தக் கோடே இல்லை, வெள்ளையாக ஒரு கட்டி. அதை வெட்டி எடுத்து இடைவெளி உண்டாக்க வேண்டும், சொத்தைப் பல்லையும் அப்போதே எடுத்துவிடலாம், மதுரைக்கு வர வேண்டும் என்றார். அதுவரை வீக்கம் வற்ற மாத்திரை எழுதினார். சிரமத்தையும் மறைக்கவில்லை. மயக்கம் கொடுக்க மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியிருக்கும். பிறகு மாதக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டு வாய்க்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

ஜெனிட்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எம்புட்டுத் திறக்கும்?”

“உன் விரல் மூணு நுழையணும். அதுதான் நம்ம கணக்கு.”

அவள் மூன்று விரலை ஒட்டி வைத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுபோல அவளுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரும் சிரித்தார்.

ராத்தா எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய தொதல் வாங்கிக் கொடுத்தார். மெழுகுபோல வழுக்கும் அல்வா அது, மெல்ல வேண்டியதில்லை. ஜெனிட்டா துணுக்குத் துணுக்காக இடப்பக்கம் ஒதுக்கி முழுப் பொட்டலத்தையும் முடித்தாள். திரும்பும் பேருந்தில் அவள்தான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். மூக்கில் குழாய் விட்டால் தும்மல் வருமா, மதுரையில் எங்கே தங்குவது, அய்யா கடலுக்குப் போகாமல் கூட வருவாரா என்று. நான் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி வந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு வந்த வாரங்கள் டாக்டர் சொன்னதைவிடக் கடுமையாக இருந்தன. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே செருகிப் பிடிப்பாள், கண்ணில் நீர் கொட்டும், குச்சியை எடுக்க மாட்டாள். இரண்டு தடவை வீசி எறிந்தாள். இரண்டு தடவையும் தானே போய்ப் பொறுக்கி, கழுவி, மறுபடி அடுக்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அம்மா கைபேசி விளக்கை எரியவிட்டு அவளை வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தாள். அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்நாக்குத் தெரியுது” என்றாள்.

பெற்று வளர்த்த பிள்ளையின் உள்நாக்கை அம்மா இத்தனை வருஷமாகப் பார்த்ததில்லை. “விளக்கை இங்கன கொடு” என்றார் அய்யா. அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சித்தி. வாய் வலித்திருக்கும். ஆனாலும் எல்லோரும் பார்த்து முடிக்கும் வரை ஜெனிட்டா மூடவே இல்லை.