தங்கச்சிக்குக் கட்டிய புளிச்சோறு

பம்பாயில் எங்கள் தாராவி சாலில், அந்த வரிசை வீடுகளில், யார் ஊருக்குப் புறப்பட்டாலும் என்னிடம் வந்துதான் யோசனை கேட்பார்கள். வழிக்கு என்ன கட்டணும், எது கெடாது, பெட்டிக்கு எந்தக் கயிறு தாங்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்கு உண்டு. என் தங்கச்சி வந்துபோன கதையை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அது அறுபதுகளில் ஒரு மழைக்காலம். நான் கல்யாணமாகி பம்பாய் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. தன் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் குடும்பத்தோடு துணைக்குச் சேர்ந்து தங்கச்சி என்னைப் பார்க்க வந்தாள். எட்டு நாள் இருந்துவிட்டு அவர்களோடேயே திரும்பணும்.

வந்த மறுநாளே எனக்கு அவள் திரும்புகிற கவலை பிடித்துவிட்டது. மெட்ராஸில் வண்டி மாறணும், மழை வேறு, சாமான் களவு போனால் என்ன செய்வாள்?

“எக்கா, மாட்டுங்கா கடைத்தெரு போயி பூ வாங்கிட்டு வருவமா? நீ எனக்குத் தலை பின்னி வச்சுவிடு. சின்னதுல செய்வேல்லா?” என்றாள்.

“கொஞ்சம் இருட்டி, வழிக்கு மொளகாப்பொடி இடிச்சுட்டு வாரேன்.”

அடுத்த நாளும் கேட்டாள். “இருட்டி, பெட்டிக்குப் பூட்டு வாங்கணும்.”

என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். “உங்க அக்கா உன்னிய வழியனுப்பத்தான் வரச்சொல்லியிருக்கா தாயி.”

“ஆமா அத்தான். நான் வந்த அன்னைக்கே என்னைய ரயில் ஏத்திட்டாள்லா!” என்றாள் அவள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

புறப்படும் நாள் விடியுமுன்னே எழுந்து, ரெண்டு நாளைக்குக் காணும்படி நல்லெண்ணெய் ஊற்றிப் புளிச்சோறு கிண்டி, வாழையிலையில் கட்டிவைத்தேன். மழை கொட்டியது. மத்தியானம் அந்த ஊர்க்காரர் நனைந்துகொண்டு வந்து, குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கச்சி கையைத் தட்டினாள். “எக்கா, நமக்கு ஒரு நாள் சும்மா கெடைச்சிருக்கு! அந்தச் சோத்தப் பிரி. ரெண்டுபேரும் தின்னுட்டுப் படுத்துக் கதை பேசுவோம்.”

“கிறுக்கி, வழிக்கு என்ன செய்வ?” என்று, பொட்டலத்துக்கு நீட்டின அவள் கையைத் தட்டிவிட்டேன். ஒரு பிள்ளை பெற்றவள் கையை.

அவள் பழையதைக் கரைத்துக் குடித்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு வண்டி நிச்சயந்தானா என்று கேட்க மூன்று தடவை மழையில் அந்த ஊர்க்காரர் வீட்டுக்கு ஓடினேன். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது, அவள் தானே தலையைப் பின்னிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் பெட்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினேன்.

மறுநாள் காலையில் பொட்டலத்தைப் பிரித்தால் சோறு கெட்டு நூல் விட்டிருந்தது. அவசரத்தில் ஆறவிடாமல் சூட்டோடு கட்டியிருக்கிறேன். நான் செய்கிற தப்பா அது? அவ்வளவையும் சாக்கடையில் கொட்டினேன். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். “பரவால்லக்கா, வழியில பாவ் ரொட்டி வாங்கிக்கிடுதேன்” என்றாள்.

ஸ்டேஷனில் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாமானை எண்ணிக்கோ, மெட்ராஸ் வரும்போது தூங்கிராதே, சுருக்குப்பை பத்திரம். வண்டி நகர்ந்தபிறகும் கூடவே நடந்து சொன்னேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டதெல்லாம் கல்யாணம், சாவு என்று கூட்டத்துக்கு நடுவில்தான். ரெண்டுபேர் மட்டும் உட்கார்ந்து ஒரு பொழுது பேச அப்புறம் வாய்க்கவேயில்லை.

அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து திரும்பி நடக்கும்போது, கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் கேட்டார். “உன் தங்கச்சி ஏன் அப்படி அழுதா?”

“அழுதாளா?” என்றேன் நான்.